சூலியா என்பது ஜாதியா?



சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தருகே, வங்கிக் கட்டடங்கள் வானை முட்டி நிற்கும் இடத்தில், சூலியா தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்து சௌத் பிரிட்ஜ் ரோட்டுக்கு வந்தால் 1826-ஆம் ஆண்டு ஏற்பட்ட ஜாமிஆ பள்ளிவாசல். அதற்கும் சூலியாப் பள்ளி என்றே பெயர். அடுத்த ஆண்டு தெலுக் ஆயர் வீதியில் ஒரு குச்சு வீடாக ஆரம்பித்த அல்-அப்ரார் பள்ளியைப் பெரியவர்கள் குச்சுப்பள்ளி என்பார்கள். சூலியாப் பள்ளி என்ற பெயர் அதற்கும் உண்டு. பினாங்கில் லெபோ சூலியா என்று ஒரு நீண்ட வீதி. ரங்கூனிலும் இப்பெயரால் பள்ளிவாசல் உண்டு. இத்தனை ஊர்களில் கல்லிலும் பலகையிலும் எழுதி வைத்திருக்கும் பெயருக்குப் பொருள் என்ன என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விழிக்கிறோம்.

சமீபத்தில் கடைக்கு வந்த ஒரு தம்பி, "நானா, சூலியா என்பது என்ன ஜாதி? உயர்த்தியா, தாழ்த்தியா?" என்று கேட்டார். விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. அவருக்குப் பெண் பேசிய இடத்தில், "அவர்கள் வெறும் சூலியாக்கள்தானே, மரைக்காயர் இல்லையே" என்று யாரோ சொன்னார்களாம். பேச்சு அத்தோடு நின்றுபோயிற்று. பிள்ளைக்கு மனம் நொந்துவிட்டது. கல்லாவில் நின்றுகொண்டு, ஒரு கையில் தராசும் ஒரு கையில் பருப்புமாகச் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல இது. ஆகையால் எழுதுகிறேன்.

இச்சொல்லின் பிறப்பைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலேயர் 1886-இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் என்னும் பேரகராதியே இதில் தயங்கித்தான் எழுதுகிறது. 'சூடா' என்னும் வடசொல்லுக்குக் குடுமி என்று பொருள். அதிலிருந்து வந்தது என்பார் சிலர். முஸ்லிமுக்கும் குடுமிக்கும் என்ன சம்பந்தம்? ஷியா என்ற சொல் திரிந்தது என்பார் வேறு சிலர். தமிழ்க் கரையோர முஸ்லிம்கள் தொன்றுதொட்டு ஸுன்னத் வல் ஜமாஅத்தினர்; பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபு, உள்நாட்டில் ஹனபி. ஷியா என்று அவர்களை அழைக்க யாருக்கும் முகாந்தரம் இல்லை. இவ்விரண்டையும் ஒதுக்கிவிடலாம்.

சோழ நாட்டிலிருந்து வந்தது என்பதே நிற்கக்கூடிய பொருள். இதற்கு நம் தமிழிலேயே சான்று இருக்கிறது. பெரிய கிதாபு ஒன்றும் புரட்ட வேண்டியதில்லை. சோழ நாட்டான் சோழியன். "சோழியன் குடுமி சும்மா ஆடாது" என்ற பழமொழியைச் சின்ன வயதில் கேட்காதவர் யார்? அந்தச் சோழியன் பிராமணன். சோழிய வேளாளர் என்று ஒரு கூட்டத்தார் உண்டு. சோழியச் செட்டியாரும் உண்டு. பிராமணர், வேளாளர், செட்டியார் மூவரும் ஒரு ஜாதியா? இல்லை. மூவரும் ஒரு நாட்டார், அவ்வளவே. எந்த நாட்டிலிருந்து வந்தான் என்று அடையாளம் சொல்லும் பெயர் அது. அதே அடையாளம், அக்கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர் மேலும் விழுந்திருக்கிறது.

சோழியர் எப்படிச் சூலியா ஆனார்? மதரஸாவில் இரண்டு வருஷம் ஓதியவர்களுக்குக்கூட இது எளிதில் விளங்கும். அரபியில் 'ழ' கிடையாது. 'ஓ' என்ற ஓசை கிடையாது. 'ச்' என்று அழுத்தி ஒலிக்கும் எழுத்தும் கிடையாது. 'ஓ' போய் 'ஊ' வரும். 'ழ' போய் லாம் வரும். 'ச்' போய் ஸாத் வரும். சோழி, ஸூலி ஆகிவிடும். நாம் ளாத் எழுத்தை உச்சரிக்கத் தெரியாமல் ஹஜ்ரத்திடம் எத்தனை பிரம்படி பட்டோம்! அதே சங்கடம் அரபிக்காரருக்கு நம்முடைய ழகரத்தில். நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுதத் தொடங்கியபோது, அரபி எழுத்தில் இல்லாத தமிழ் ஓசைகளுக்கென்று புதிய எழுத்துகளை உண்டாக்கிக்கொண்டார்கள் என்பதையும் இங்கு நினைத்துப் பார்க்க வேண்டும். ஜாவி எழுத்தில் 'ச்' ஓசைக்கு ஜீமுக்குள் மூன்று புள்ளி வைத்த எழுத்து உண்டு; ஆகவே மலாய்க்காரர் வாயில் 'ச்' திரும்பி வந்து, சூலியா என்று நிலைத்தது.

இது வெறும் ஊகமில்லை என்பதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறார். உலகம் சுற்றிய இப்னு பதூதா 1340-களில் மலையாளக் கரையிலுள்ள கொல்லத்துக்கு வந்தார். அந்தப் பட்டணத்துக் கடைத்தெருவின் அழகை மெச்சிவிட்டு, அங்குள்ள வணிகருக்கு 'ஸூலி' என்று பெயர் என எழுதி வைத்திருக்கிறார். சாமான்ய வணிகர்கள் அல்ல. ஒரு கப்பலை அதிலுள்ள சரக்கோடு ஒரே ஆளாக வாங்கிவிடக்கூடிய செல்வர்களாம். கவனிக்க வேண்டியது ஒன்று. அவ்வூரிலிருந்த முஸ்லிம் வணிகர்களைப் பற்றி அவர் தனியாகச் சொல்கிறார். ஆகவே அவர் காலத்தில் ஸூலி என்பது மார்க்கத்தைக் குறித்த பெயராகத் தோன்றவில்லை. கிழக்கேயிருந்து மலை தாண்டியோ முனை சுற்றியோ வந்து வியாபாரம் செய்தவர்களைக் குறித்த பெயர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மலையாளத்தார் தம் நாட்டுக்கு வந்த கிழக்கத்தியாரைச் சோழியர் என்று அழைத்தது இயல்புதானே?

பிறகு முன்னூறு ஆண்டுகளில் அந்தப் பெயருக்குள் இருந்த ஆட்கள் மாறினார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் எழுதிய வியாபாரக் கணக்குகளில் சூலியா என்றால் சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றிக்கொண்டு அச்சே, கெடா, மலாக்கா முதலிய துறைமுகங்களுக்கு வரும் தமிழ் முஸ்லிம் வணிகர் என்றே பொருள். போகும்போது தகரம், பாக்கு ஏற்றிப் போவார்கள். யானைகூட ஏற்றிப் போயிருக்கிறார்கள். கொள்முதலுக்கு ஒரு லாரி பிடிக்கவே திண்டாடும் என் போன்றவனுக்கு, பாய்மரக் கப்பலில் யானையை ஏற்றி வங்காள விரிகுடாவைத் தாண்டியவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் ஆகியவை சோழ நாட்டுத் துறைகள்; அவ்வூராரைச் சூலியா என்றால் பொருந்தும். காயல்பட்டணமும் கீழக்கரையும் பாண்டிய நாடு. அவ்வூரார் எந்தக் கணக்கில் சோழியர்? ஆனால் கெடாவில் கப்பல் வந்து நின்றதும் துறைமுகத்தில் கணக்கெழுதுபவன் சோழ நாடு, பாண்டிய நாடு என்று எல்லை பிரித்துப் பார்த்துக்கொண்டா இருப்பான்? அக்கரையிலிருந்து வந்த கைலி, தொப்பி, தாடி எல்லாம் சூலியா. சரக்கு அனுப்புகிறவன் மூட்டை மேல் ஒரு மார்க்கா போடுகிறான். இறக்குகிறவன் தன் வசதிக்கு வேறொரு மார்க்கா போடுகிறான். உள்ளே இருக்கும் சரக்கு இரண்டையும் அறியாது. சூலியா என்பது இறக்குமிடத்தில் போட்ட மார்க்கா.

பினாங்கை 1786-இல் குடியேற்றிய பிரான்ஸிஸ் லைட், 1794-இல் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் சூலியாக்களைப் பற்றிச் சொல்கிறார். சோழமண்டலக் கரையின் பல துறைமுகங்களிலிருந்து வந்தவர்கள். பலர் நெடுங்காலமாகக் கெடாவில் வசித்தவர்கள், சிலர் அங்கேயே பிறந்தவர்கள். கடைக்காரர்களும் கூலிகளுமாக இருக்கிறார்கள். குடும்பத்தோடு நிலைத்தவர்கள் ஆயிரம் பேர் அளவில் என்பது அதன் சாரம். கடைக்காரனும் சூலியா, மூட்டை தூக்குகிறவனும் சூலியா. ஒரே பெயருக்குள் முதலாளியும் தொழிலாளியும் நிற்கிறார்கள். சிங்கப்பூரில் 1822-இல் ராபிள்ஸ் நகரத்துக்குத் திட்டம் வகுத்தபோது, ஆற்றின் மேற்பகுதியில் 'சூலியா கம்போங்' என்று ஓர் இடம் குறிக்கப்பட்டது. அங்கும் இன்ன தொழிலார், இன்ன குலத்தார் என்ற பிரிவினை இல்லை.

இப்போது அந்தத் தம்பியிடம் சொல்லப்பட்ட வார்த்தைக்கு வருவோம். "வெறும் சூலியா, மரைக்காயர் இல்லை." இதற்குப் பினாங்கிலிருந்தே பதில் கிடைக்கிறது. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் என்னும் பெரு வணிகரைக் கம்பெனியார் நம்மவர்க்குத் தலைவராக்கினார்கள். அப்பதவியின் பெயர் கப்பித்தான் கிளிங். அவர் முன்னின்று 1801-இல் எழுப்பிய பள்ளிவாசலே இன்றும் கப்பித்தான் கிளிங் பள்ளி என்று பினாங்கில் பிரசித்தமாக விளங்குகிறது. அவருடைய முழுப் பெயர் காதர் முகைதீன் மரைக்காயர். ஆங்கில எழுத்தில் அது 'மெரிக்கன்' என்று ஆகி, இன்றும் பினாங்கில் பல குடும்பங்களுக்கு அதுவே பெயர். ஆக, பதவியால் அவர் கிளிங். கம்பெனியார் கணக்கில் அவர் ஜனம் சூலியா. சொந்த ஊரில் அவர் மரைக்காயர். ஒரே மனிதர்! கப்பல் வைத்து வியாபாரம் செய்த மரைக்காயர்களைத்தான் வெள்ளைக்காரர் முதன்முதலில் சூலியா என்று எழுதினார்கள். மரைக்காயர் வேறு, சூலியா வேறு என்று இன்று பிரித்துப் பேசுகிறவர், தம் பாட்டனார் எந்தப் பெயரால் இங்கே சுங்கம் கட்டினார் என்பதை அறியாதவர்.

கிளிங் என்ற சொல்லையும் தொட்டாகிவிட்டது. அதன் கதை இன்னும் கசப்பானது. கலிங்க நாட்டுப் பெயரிலிருந்து வந்த சொல் அது. மலாய்ப் பழஞ்சரித்திரமாகிய ஸெஜாரா மெலாயுவில் கெலிங் நாடு என்பது கௌரவமான பெயர். மலாக்காவில் 1748-இல் ஏற்பட்ட கம்போங் கிளிங் பள்ளி அப்பெயரை இன்றும் சுமக்கிறது. ஆனால் பிற்காலத்தில் அதே சொல்லை வாயைக் கோணி ஏசுவதற்குப் பயன்படுத்தினார்கள். நான் மேலே சொன்ன சூலியா தெரு ஆதியில் கிளிங் தெரு. இந்தியர்கள் அப்பெயரை இழிவாக உணர்ந்து ஆட்சேபித்ததன் பேரில், 1920-களின் தொடக்கத்தில் முனிசிபாலிட்டியார் பழைய பெயரை எடுத்துவிட்டுச் சூலியா தெரு என்று வைத்தார்கள். அதாவது ஒரு பெயர் கெட்டுப்போனபோது, மரியாதை குறையாத பெயர் என்று தேர்ந்தெடுத்து வைத்ததே சூலியா! அதைத்தான் இன்று ஒருவர் பெண் பேசும் இடத்தில் குறைவான பெயராகச் சொல்கிறார். பினாங்கில் கப்பித்தான் கிளிங் பெயர் பள்ளிவாசலில் மட்டுமின்றி, முன்பு பிட் ஸ்ட்ரீட் என்றிருந்த வீதியிலும் ஏறிவிட்டது. ஒரு ஊரில் இறக்கிய பலகையை இன்னொரு ஊரில் ஏற்றியிருக்கிறார்கள். சொல் அதேதான், சொல்கிற வாய்தான் வேறு.

சரி, ஊரில் நாமே நமக்கு வைத்துக்கொண்ட பெயர்களாவது பிறப்பைச் சொல்கின்றனவா? சுருக்கமாகப் பார்ப்போம். மரைக்காயர் என்பதற்கு மரக்கலராயர் என்பது மூலம் என்பார் உண்டு. அரபியில் கப்பலுக்கு மர்கப் என்று பெயர், அதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எந்த வழியில் போனாலும் கப்பல்துறையில்தான் போய்ச் சேருகிறோம். ராவுத்தர் என்றால் குதிரை வீரர். ராஜபுத்திரர் என்னும் வடசொல் பிராகிருதத்தில் ராவுத்த என்று தேய்ந்து வந்தது அது; தெலுங்கில் இன்றும் குதிரை ஏறுகிறவனுக்கு ரௌது என்று பெயர். அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே ராவுத்தன் என்று பாடியிருக்கிறார் என்றால் பாருங்கள். லெப்பை என்பது காயல்பட்டணம் போன்ற ஊர்களில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து, தொழ வைப்பவரைக் குறிக்கும்; 'லப்பைக்' என்று பதில் சொல்லும் அரபிச் சொல்லிலிருந்து வந்தது என்பது பலர் கொள்கை. கப்பல், குதிரை, கிதாபு. மூன்றும் தொழில். கப்பலை விற்றுவிட்டுப் பலசரக்குக் கடை வைத்தவர் மகனுக்கும் மரைக்காயர் என்றுதான் பெயர். ஆயுளில் குதிரையைத் தொடாத ராவுத்தர்கள் எத்தனையோ பேர் எனக்கு நண்பர்கள்.

சர்க்கார் பேனாவும் இப்பெயர்களைத் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு ஏற்பட்டது. அந்தப் பட்டியலில் லெப்பை என்ற ஒரு பெயரின் கீழ் ராவுத்தரும் மரைக்காயரும் அடக்கம். வீட்டில் பேசுவது தமிழானாலும் உருதுவானாலும் சரி. கல்யாணப் பேச்சில் ராவுத்தர் வேறு, லெப்பை வேறு என்று முகம் திருப்புகிறவர்கள், பிள்ளைக்குக் காலேஜில் இடம் கேட்கும்போது ஒரே பெயரில் சர்டிபிகேட் வாங்குகிறார்கள். இதில் தப்பு ஒன்றுமில்லை; பிள்ளை படிக்கட்டும். ஆனால் தாலுக்கா ஆபீஸில் ஒன்றாக முடிந்தது சம்பந்தி வீட்டில் ஏன் முடியவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

குர்ஆன் ஷரீபில் 49-ஆம் அத்தியாயம் ஹுஜுராத்தின் 13-ஆம் வசனம், மனிதர்களைக் கூட்டங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியதைச் சொல்லி, அதன் நோக்கம் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது என்று சொல்கிறது. அங்கே வரும் இரு சொற்களையும் கவனித்தால் சுவையாக இருக்கும். ஒன்று ஷுஊப், ஷஃபு என்பதன் பன்மை. அதன் வேர்ச்சொல்லுக்குப் பிரிப்பது என்றும் பொருள், சேர்ப்பது என்றும் பொருள்; நேர் எதிரான இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது என்று அரபி இலக்கணக்காரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். மற்றொன்று கபாயில், கபீலா என்பதன் பன்மை. மண்டையோட்டில் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் எலும்புத் தகடுகளுக்கும் அரபியில் அதே பெயர். நான்கு தகடு சேர்ந்தால் ஒரு தலை. கிப்லா என்ற சொல்லும் அந்த வேரில் பிறந்ததுதான். முகத்துக்கு முகம் நேராக இருப்பது என்ற கருத்து உள்ளே இருக்கிறது. பெயர் வேண்டாம் என்று அவ்வசனம் சொல்லவில்லை. பெயருக்கு என்ன வேலை என்பதைச் சொல்லிவிட்டு, மேன்மையை இறையச்சத்தில் வைத்துவிடுகிறது.

நானும் பெயர்களை அழித்துவிட வேண்டும் என்று சொல்கிறவன் அல்ல. தஞ்சோங் பகாரில் இருந்த கடையநல்லூரார், தென்காசியார் பேச்சில் ஒரு தனி ருசி. காயல்பட்டணத்தார் வீட்டுச் சமையலில் ஒரு தனி ருசி. ஊர்ப் பெயரைச் சொன்னவுடன், "அப்படியா, உங்கள் வாப்பா யார்?" என்று பேச்சு வளர்கிறதே, அது நல்லதுதான். அறிமுகத்துக்கு வைத்த பெயரை எடை போடுகிற படிக்கல்லாகத் தூக்குகிறபோதுதான் கோளாறு வருகிறது. கடைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: எடைக்குறி இல்லாத கல்லைத் தராசில் வைத்து நிறுத்தால் அபராதம் உண்டு.

தம்பிக்கு நான் கொடுத்த பதில் இதுதான்: சூலியா ஜாதி அல்ல. சோழ நாட்டான் என்று அயலார் இட்ட பெயர். அதில் கப்பல்காரரும் இருந்தார், கடைக்காரரும் இருந்தார், கூலிக்காரரும் இருந்தார். பள்ளிவாசல் கட்டியவர்கள் அந்தப் பெயரைத் தங்கள் பள்ளிக்கு வைக்கக் கூச்சப்படவில்லை. பெண் வீட்டாருக்கும் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். நானே ஒரு நாள் போய்ச் சொல்வதாக இருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

அங்கத்தினர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பாட்டனார் காலத்து உயில், நிலப்பத்திரம், கப்பல் சீட்டு, நிக்காஹ் பதிவு எதிலாவது சூலியா என்று எழுதியிருந்தால், எறிந்துவிடாமல் சங்க ஆபீஸுக்கு ஒரு நகல் கொடுங்கள். எந்த ஊரார், என்ன தொழில் செய்தவர், எந்த ஆண்டு என்ற விவரங்களை மட்டும் குறித்துக்கொண்டு அசலைத் திருப்பித் தந்துவிடுவோம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நான் அங்கே இருப்பேன்.